சிலேட்டுக்குச்சி

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் சாரணியர் பொறுப்பாசிரியையாக இருக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை 32 பிள்ளைகள், நான்கு அணிகள். இந்த ஆண்டு ரத்தசோகை விழிப்புணர்வு நடத்தலாம் என்றிருக்கிறோம். பேரணி, பீட்ரூட் ஜூஸ் வழங்குதல், ஹீமோகுளோபின் பரிசோதனை, ரத்ததான முகாம் என்று திட்டம். பரிசோதனை முடிவுகளைப் பெயரோடு சார்ட்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒட்டினால் பிள்ளைகளுக்கு ஓர் உந்துதலாக இருக்கும். பேரணிக்கு நல்ல வாசகம் ஒன்று எழுதித் தருவீர்களா? ஒழுக்கம் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, எத்தனை தடவை கண்டித்தாலும் சிலேட்டுக்குச்சி தின்பதை விடமாட்டேன் என்கிறாள்.

ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கடைசி வரிதான். சிலேட்டுக்குச்சி தின்பது ஒழுக்கக்கேடு இல்லை. சிலேட்டுக்குச்சி, பச்சரிசி, விபூதி, அடுப்புச் சாம்பல், செம்மண் என்று தேடித் தேடித் தின்கிற பெண்ணுக்கு உடம்பில் இரும்புச்சத்து வற்றிப் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஏன் தின்கிறோம் என்று அவளுக்கே தெரியாது. எந்த நோய்க்காகத் தெருவில் பேரணி போக நினைக்கிறீர்களோ, அது உங்கள் வகுப்பில் உட்கார்ந்து குச்சியைக் கடித்துக்கொண்டிருக்கிறது. அவளைக் கண்டித்தது தவறு. நாளைக்கே அவளைக் கூப்பிட்டு அதைச் சொல்லிவிடுங்கள்.

விழிப்புணர்வு என்ற சொல்லைப் பற்றிச் சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. கீரை நல்லது என்று கேள்விப்படாத பெண் இவர்களில் எத்தனை பேர் இருப்பாள்? வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை பள்ளியிலேயே கொடுக்கிறார்கள் என்பதும் தெரியும். தெரிந்துதான் ஜன்னல் வழியாக வெளியே எறிகிறார்கள். ஏன் எறிகிறார்கள் என்பதை எந்தப் பேரணியும் கேட்பதில்லை.

அந்த நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிறு பிசையும். முதலமைச்சரின் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு முடிகிறது, சத்துணவு பத்தோடு முடிகிறது. உங்கள் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் ஸ்பெஷல் கிளாஸுக்கென்று காலையில் எதுவும் சாப்பிடாமல் ஓடி வருகிறவர்கள். அவர்கள் கையில் காலைப் பிரேயரில் மாத்திரையைக் கொடுத்தால் ஒருத்தி வாந்தி எடுப்பாள், அதைப் பார்த்துப் பத்துப் பேர் மாத்திரையை இடுப்பில் சொருகிக்கொள்வார்கள். அடுத்த வாரம் வகுப்பு முழுக்க எறியும். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, ஒரு டம்ளர் தண்ணீரோடு, மெல்லாமல் விழுங்கச் சொல்லுங்கள். டிபன் கொண்டுவராத பிள்ளை யார் என்று அணித்தலைவிக்குத் தெரியும். அவளுக்கு அன்று யார் பகிர்ந்து கொடுப்பது என்பதையும் அணியே முடிவு செய்யட்டும்.

மலம் கறுப்பாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரும்பு போட்டால் அப்படித்தான் போகும். சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள், வெட்கத்தில் காரணமும் சொல்ல மாட்டார்கள். மாத்திரை போட்ட பிறகு ஒரு மணி நேரமாவது டீ, காப்பி, பால் வேண்டாம். டீயில் உள்ள துவர்ப்பு இரும்போடு ஒட்டிக்கொண்டு உடம்பில் சேரவிடாது. பாலின் கால்சியமும் இரும்பு சேர்வதைக் குறைக்கும். சாப்பாட்டோடு பாதி நெல்லிக்காயோ ஒரு கொய்யாவோ கடித்துக்கொண்டால் இரும்பு நன்றாகச் சேரும்.

எட்டுப் பேர் அணியில் நாலு ஜோடி. வாரா வாரம் ஒருத்தி மற்றவள் விழுங்கியதைப் பார்த்து நோட்டில் கோடு போட வேண்டும். மூன்று மாதம் இதை விடாமல் செய்தால் உங்கள் சமூக சேவை அதுதான். வீட்டில் அக்காவுக்குக் கொடுத்திருந்தால் அவளையும் சேர்த்துக்கொள்ளட்டும். மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோனால் அலமாரியின் மேல்தட்டில் வைக்க வேண்டும். சர்க்கரைப் பூச்சு இருப்பதால் தம்பி, தங்கை மிட்டாய் என்று தின்றுவிடுவார்கள். கைநிறைய விழுங்கினால் சின்னக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

குடற்புழு மாத்திரை (400 மில்லிகிராம் அல்பெண்டசோல்) பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தருவார்கள். அதை மட்டும் மென்று தின்ன வேண்டும். கொக்கிப்புழு வெறுங்கால் தோல் வழியாக ஏறிக் குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கும். கொல்லைக்குச் செருப்போடு போகச் சொல்லுங்கள்.

பீட்ரூட்டின் சிவப்பு வெறும் நிறமி, அதில் இரும்பு மிகக் குறைவு. அந்தக் காசில் நெல்லிக்காய் வாங்குங்கள். ரத்ததானத்துக்கு 18 வயது, 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். உங்கள் பிள்ளைகளில் ஒருத்திகூடத் தேறுவது கடினம், விட்டுவிடுங்கள்.

சார்ட் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. சிவப்பு ஒட்டப்பட்ட பிள்ளையை அடுத்த நாளே 'ரத்தம் இல்லாதவள்' என்று கூப்பிடுவார்கள். வீட்டில் கல்யாணப் பேச்சுவரை அது போகும். எண்ணை அவளிடமும் தாயிடமும் மட்டும் தனியே சொல்லுங்கள். பரிசோதனையை கிராம சுகாதார செவிலியர் செய்யட்டும், பிள்ளைகள் ஊசியைத் தொடக்கூடாது. ஸ்பிரிட் காய்ந்த பிறகு நடுவிரல் அல்லது மோதிரவிரல் நுனியின் பக்கவாட்டில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். விரலைப் பிசைந்தால் திசுநீர் கலந்து எண் குறைவாகக் காட்டும். ஆளுக்கு ஒரு ஊசி, குத்தியது நேரே ஊசி துளைக்காத டப்பாவுக்கு.

ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் வாரம் ஒரு மாத்திரை போதாது. தினம் எத்தனை மாத்திரை, எவ்வளவு நாள் என்று மருத்துவர் சொல்வார். ஒரு மாதத்தில் ஒரு கிராம் அளவாவது ஏறவில்லையென்றால் வேறு காரணம் தேட வேண்டும். மாதவிலக்கு ஏழு நாளைத் தாண்டுகிறதா, மணிக்கொரு நாப்கின் நனைகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா என்று கேட்க ஒரு பெண் டாக்டரிடம் அனுப்புங்கள். எட்டாம் வகுப்பிலோ ஒன்பதிலோ இருக்கும் பிள்ளை அதை ஆசிரியரிடம் தானாக வந்து சொல்ல மாட்டாள்.

வாசகம் கேட்டிருந்தீர்கள், என்னிடம் இல்லை.

அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையை இந்த வாரமே தாயோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். குச்சி தின்பதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், தாய் அதை மறைக்கப் பார்ப்பாள். இரும்புக் குறைவுதான் காரணமென்றால், சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களில் அந்த ஆசை தானாகவே அடங்கிவிடும். அதுவரை அவள் பையைச் சோதிக்காதீர்கள்.