சில்லு அளவு அணுக் கடிகாரம் என்றால் என்ன? அது எப்படி இயங்குகிறது?

அணுக்களின் மாறாத அதிர்வெண்ணை அளவுகோலாகக் கொண்டு நேரம் காட்டும், உள்ளங்கைக்குள் அடங்கும் கருவியே சில்லு அளவு அணுக் கடிகாரம். 2004-இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் (நிஸ்ட்) உருவாக்கிக் காட்டிய முதல் வடிவத்தின் மையப்பகுதி 1.5 மி.மீ. அகலமும் 4 மி.மீ. உயரமுமே இருந்தது.

சாதாரணக் கடிகாரத்திலுள்ள குவார்ட்ஸ் படிகம் வெப்பத்தாலும் வயதாலும் சிறிது சிறிதாகத் தடம் மாறும். ஆனால் சீசியம்-133 என்ற உலோகத்தின் அணுக்கள் எங்கிருந்தாலும் ஒன்றுபோலவே நொடிக்கு 9,19,26,31,770 அதிர்வுகள் என்ற கணக்கில் நிற்பவை. சிலிக்கானில் குடைந்து, இருபுறமும் கண்ணாடியால் மூடிய நுண்ணறையில் சீசியம் ஆவியை அடைத்து, அதனூடே நுண்லேசர் ஒளி செலுத்தப்படுகிறது. இந்தக் கடிகாரத்துக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் படிகம் உண்டு; லேசரைத் துடிக்க வைப்பது அதுவே. அந்தத் துடிப்பு, அணுவின் அதிர்வெண்ணில் சரிபாதியோடு பொருந்தும் கணத்தில் அணுக்கள் ஒளியை உறிஞ்சுவது குறைந்து, மறுபக்கத்து உணரியில் வெளிச்சம் சற்றே கூடுகிறது. அந்தக் கூடுதலை நழுவவிடாமல் மின்சுற்று படிகத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். பாடகர் சுருதிப் பெட்டியைக் கேட்டுக் கேட்டுத் தம் குரலைச் சரிசெய்வதைப் போன்றது இது.

ஜிபிஎஸ் எட்டாத கடலடி நிலநடுக்க உணரிகளுக்கு இது பெரிதும் உதவுகிறது. துல்லியத்தில் ஆய்வகத்துப் பெரிய கடிகாரங்களுக்கு இது ஈடாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

‘அணு’ என்ற பெயரைக் கேட்டுக் கதிர்வீச்சை எண்ணிப் பலர் அஞ்சுகின்றனர். இதிலுள்ள சீசியம்-133 கதிரியக்கமற்றது, இங்கே அணு பிளக்கப்படுவதும் இல்லை.