லிமாவ் 15

வணக்கம் அக்கா,

தீபாவளிப் பலகாரங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை எல்லாம் இருந்தது. கேக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் தாத்தா மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் துரை பங்களா குக்காக இருந்தவர். வேலையை விட்ட பிறகு எங்களோடு லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்தார். சம்பளம் போட்ட வாரம் பின்வாசலில் ஒரு பிஸ்கட் தகரத்துக்குக் கீழும் மேலும் கரி போட்டு லிமாவ் கேக் சுடுவார். பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொள்வோம். எங்களைச் சிரிக்க வைக்க, மைலோ டின் மூடி இரண்டைக் குச்சியில் கட்டித் தராசு மாதிரி பிடித்து, ஒரு பக்கம் முட்டை, மறுபக்கம் சீனி என்று விளையாட்டுக் காட்டுவார்.

தாத்தா போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம் அம்மாவின் பெட்டியில் அவருடைய நோட்டு கிடைத்தது. அதில் இவ்வளவுதான் இருக்கிறது: "முட்டை 4. சீனி, பட்டர், மாவு சமம். லிமாவ் 15."

மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன். 15 லெமன் போட்டால் யார் சாப்பிடுவது? தாத்தா தப்பாக எழுதிவிட்டார் என்று 3 போட்டேன். முதல் கேக் கசந்தது. இரண்டாவது நடுவில் குழி விழுந்தது. மூன்றாவது பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் பாத்திரம் கழுவும் சோப்பு வாசம். "அது அவரு கைராசி. அன்பா செஞ்சாரு. உனக்கு வராது" என்கிறார் அம்மா. அந்த ருசி என் நினைவில் மட்டும்தான் இருக்கிறதா? விட்டுவிடலாமா?

ம.,
சுங்கை சிப்புட்

அன்புள்ள ம.,

விட்டுவிட வேண்டாம். உங்கள் தாத்தா தப்பாக எதுவும் எழுதவில்லை. நோட்டில் விட்டுப்போனதையும் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் விளையாட்டு என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

முதலில் அந்த 15. மலாய்க்காரர்களுக்கு எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பம் முழுவதுமே லிமாவ்தான். நிப்பிஸ், கஸ்தூரி, புருட், பாலி என்று பின்னால் வரும் பெயரை வைத்துத்தான் எது என்று தெரியும். ஈப்போ பக்கத்துத் தம்புன் சாலையோரம் தொங்குகிறதே பம்பளிமாஸ், அதுவும் லிமாவ்தான். அதில் 15 என்றால் கேக் தட்டு போதாது, லாரி வேண்டும். லெமனில் 15 போட்டால் நீங்கள் சொன்னதுபோல் யாரும் வாயில் வைக்க முடியாது. ஆகவே ஒரு கேக்குக்கு 15 தாங்கும் லிமாவ் எது? ஒன்றுதான் இருக்கிறது. மீ கோரெங் தட்டின் ஓரத்தில் பாதியாக வெட்டி வைப்பார்களே, அசாம் பொய் என்ற உப்பிட்டுக் காய்ந்த பிளம் பழம் போட்டு ஐஸ் கலந்து கொடுப்பார்களே, அந்தக் கஸ்தூரி லிமாவ். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிது. ஒன்றைப் பிழிந்தால் ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட வரும். 15 பிழிந்தாலும் அரை கிளாஸ் நிறையாது.

உங்கள் லயத்து வீட்டில் குளிக்கும் தண்ணீர் ஓடும் கால்வாய் ஓரம் இந்த மரம் நின்றதா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் லயத்தில் நாலு வீட்டுக்கு ஒன்று நின்றது. தாத்தா காசு கொடுத்து லெமன் வாங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கஸ்தூரி லிமாவ், மண்டரின் ஆரஞ்சும், கும்குவாட் என்ற குட்டி ஆரஞ்சு மாதிரிப் பழமும் கலந்து பிறந்தது. அதனால்தான் தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே சுளை ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது. தோலும் மெல்லிசு, லெமன் மாதிரி தடித்த வெள்ளைப் பகுதி கிடையாது. உங்கள் முதல் கேக் கசந்ததற்கு அந்த வெள்ளைதான் காரணமாக இருக்க வேண்டும். மஞ்சளைத் தாண்டித் துருவியிருப்பீர்கள். வாசனை இருப்பது தோலின் மேல்பரப்பில் புள்ளி புள்ளியாகத் தெரியும் எண்ணெய்ப் பைகளில்தான். சாற்றில் இருப்பது பெரும்பாலும் புளிப்பு, அதில் வரும் கொஞ்ச வாசமும் ஓவன் சூட்டில் பறந்துவிடும். அப்புறம் அந்த சோப்பு வாசம். அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. லெமன் வாசத்தை நாம் எல்லோரும் சிங்க்குக்குப் பக்கத்திலேயே முகர்ந்து வளர்ந்துவிட்டோம்.

சரி, இப்போது தராசு.

குழந்தைகளைச் சிரிக்க வைக்கத் தாத்தா அதைச் செய்யவில்லை, ம. அவர் எடை பார்த்தார். நீங்கள் சிரித்தீர்கள், அவரும் கூடச் சிரித்திருப்பார். நோட்டில் இருக்கும் "சமம்" என்ற சொல்லுக்கு அந்த மைலோ மூடிதான் பொருள். ஒரு தட்டில் 4 முட்டை. மறுதட்டில் அந்த முட்டைக்குச் சமமாக முதலில் சீனி, பிறகு பட்டர், பிறகு மாவு. நீங்கள் கப்பால் அளந்திருக்கிறீர்கள், அப்படித்தானே? அங்கேதான் குழி விழுந்தது. ஒரு கப் சீனி சுமார் 200 கிராம், ஒரு கப் பட்டர் அதற்கும் கொஞ்சம் மேலே. ஒரு கப் மாவு 125 கிராம்தான். கண்ணுக்குச் சமம், எடையில் மாவு பாதியை ஒட்டி. சீனியும் பட்டரும் ஏறி, தாங்கிப் பிடிக்க மாவு இல்லாவிட்டால் நடு உட்காரத்தான் செய்யும்.

இது வெள்ளைக்காரர் வீட்டுப் பழைய கணக்கு. ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு என்பதால் அவர்கள் பவுண்டு கேக் என்பார்கள். பங்களாவில் நல்ல தராசும் படிக்கற்களும் இருந்திருக்கும். லயத்துக்கு வந்த பிறகு கல் இல்லை. ஆனால் முட்டையே கல்லாக இருக்கும்போது வேறு கல் எதற்கு? நாட்டுக்கோழி முட்டை 40 கிராம் இருக்கும், கடை முட்டை 60 இருக்கும். எந்த முட்டை கிடைத்தாலும் கேக் தானாகச் சரியாகிவிடும். மாவு இத்தனை கப், சீனி இத்தனை கப் என்று எழுதி வைத்திருந்தால் முட்டை மாறும்போது கேக்கும் மாறியிருக்கும். தெரிந்துதான் எழுதாமல் விட்டிருக்கிறார்.

இன்னொன்றும் தோன்றுகிறது. உங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் 1948 ஜூன் 16 அன்று துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று அரிசியை ரேஷனில் நிறுத்துக் கொடுத்த காலம் அது. சில இடங்களில் டின் சாமான்களை விற்கும்போதே ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள், பதுக்கி வைக்க முடியாதபடி. தாத்தா எந்த வருடம் பங்களாவில் சேர்ந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த வருடங்களில் பேராக் தோட்டம் ஒன்றில் இருந்தவர் என்றால், கண்ணளவை நம்பாமல் எல்லாவற்றையும் தட்டில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்ததில் ஆச்சரியமில்லை.

இப்போது அம்மா சொன்னதற்கு வருகிறேன். அவர்களிடம் கோபப்படாதீர்கள், நானும் அதையேதான் செய்திருக்கிறேன். என் பாட்டியைப் பற்றி முதன்முதலில் எழுதியபோது "பாட்டியின் கைமணம்" என்று உருகி உருகி எழுதினேன். படித்துவிட்டு சின்னம்மா போன் செய்தார். "எங்கம்மா கையில என்னாடி மணம்? ஒட்டுப்பால் நாத்தம்தான் இருந்துச்சு" என்றார். உண்மைதான். பாட்டி பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். மரத்திலும் கிண்ணத்திலும் ஒட்டிக் காய்ந்துபோன பால்தான் ஒட்டுப்பால். ஒட்டுப்பால் மூட்டை பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், அந்த நாற்றம் சோப்புக்குப் போகாது. மத்தியானம் வேலைவிட்டு வந்ததும் கஸ்தூரி லிமாவ் ரெண்டைப் பறித்து, பாதியாக வெட்டி, உள்ளங்கை, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் அரக்கித் தேய்ப்பார். உளி கிழித்த இடத்தில் எரியும், "ஸ்ஸ்" என்பார். அதற்கப்புறம்தான் அரிசியில் கை வைப்பார். நான் கைமணம் என்று எழுதியது அந்த லிமாவ் வாசம். ஒவ்வொரு நாளும் யோசித்துச் செய்த ஒரு வேலையை நான் பிறவியிலேயே வந்த மணம் என்று எழுதி வைத்திருந்தேன்.

தாத்தா பிரியமாகத்தான் சுட்டிருப்பார். ஆனால் பிரியத்தால் மட்டும் கேக் எழும்பாது. அவர் கற்றுக்கொண்டவர். யாரோ ஒரு துரைசானி முகம் சுளித்த கேக்குகளைத் தாண்டித்தான் அந்த மூன்று வரிக்கு வந்திருப்பார். "கைராசி" என்றால் உங்களுக்கும் எனக்கும் அதில் வேலை இல்லை. எடை என்றால் இருக்கிறது.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். 4 முட்டையை ஓட்டோடு நிறுங்கள், 220 முதல் 240 கிராம் வரும். அதே எடைக்குச் சீனி, பட்டர், மாவு. மாவு சாதாரண வெள்ளைக் கோதுமை மாவு (மைதா) என்றால் பேக்கிங் பவுடர் ஒன்றரை தேக்கரண்டி. லிமாவைக் கழுவித் துடைத்து, பிழிவதற்கு முன்னால் பச்சைத் தோலை மட்டும் சின்னக் கண் துருவியில் லேசாக உரசுங்கள். சின்னப் பழம், விரல் பத்திரம். எட்டுப் பத்துப் பழம் உரசினால் போதும். அந்தத் துருவலைச் சீனியில் போட்டு விரலால் கசக்குங்கள். சீனி ஈர மணல் மாதிரி ஆகி, வாசம் வீட்டு வாசல் வரை வர வேண்டும், வராவிட்டால் இன்னும் கசக்குங்கள். இந்தச் சீனியைப் பட்டரோடு வெளுக்கும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் மாவு. சாற்றை மாவில் ஊற்றாதீர்கள். விதை வடித்து, மூன்று கரண்டி சீனியில் கரைத்து வையுங்கள். 170 டிகிரியில் 45 நிமிடம் போல. குச்சி குத்திச் சுத்தமாக வந்ததும், கேக் சூட்டோடு இருக்கும்போதே மேலே அங்கங்கே குத்தி அந்தச் சாற்றை மெதுவாக ஊற்றுங்கள். சாற்றை எங்கே சேர்ப்பது என்று நோட்டில் இல்லை. இது என் யூகம்தான். மேலே பளபளவென்று ஒட்டிக்கொண்டு வருமா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

பால்மரக் கரியின் புகையை மட்டும் நான் தர முடியாது. அந்த மரமெல்லாம் இப்போது மேசை நாற்காலியாகக் கப்பல் ஏறுகிறது. ஓவனுக்குள் புகை வர வைக்க ஏதாவது செய்யலாம் என்று யூடியூபில் சொல்வார்கள். வேண்டாம், வீடுகள் நெருங்கி நிற்கும் தாமான் குடியிருப்பில் பக்கத்து வீட்டார் பொம்பாவை, தீயணைப்புப் படையைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் தாத்தாவின் கணக்கில் நானும் ஒன்று சுட்டேன். நடுவில் எழும்பியது, மேலே கொஞ்சம் வெடித்தது. என் வீட்டுக்காரர் இரண்டு துண்டு சாப்பிட்டு மூன்றாவதுக்குக் கை நீட்டினார், அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதை நான்தான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. ஆனால் 15 பழச் சாறும் ஊற்றியதில் எனக்குப் புளிப்பு ஒரு பிடி தூக்கலாக இருந்தது. 12 போதும் என்று நினைக்கிறேன். தாத்தா சாப்பாட்டில் புளிப்பு கூடக் கேட்பவரா என்று அம்மாவிடம் கேளுங்கள். நோட்டில் அந்த 15க்குப் பக்கத்தில் வேறு ஏதாவது எண் அடித்திருக்கிறதா என்றும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா