7 வாரம் ஆகியும் ஸ்கேனில் கருவின் இதயத் துடிப்பு தெரியவில்லையே என்று கேட்டவருக்கு

இந்த ஒரு ஸ்கேனை வைத்து கரு நின்றுவிட்டது என்று சொல்ல முடியாதும்மா. கரு வளரும் பையும், அதற்குள் மஞ்சள்கருப் பையும் (ஆரம்பத்தில் கருவுக்கு ஊட்டம் தரும் சின்னப் பை) தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கரு வளரத் தொடங்கிய நிலையிலேயே ஸ்கேன் எடுத்திருக்கலாம்.

பல நேரம் நாள் கணக்கில்தான் சிக்கல் இருக்கும். உங்களுக்கு 40 நாளுக்கு ஒருமுறைதான் மாதவிடாய் என்கிறீர்கள். 7 வாரம் என்பது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. உங்களுக்குக் கருமுட்டை ஏறக்குறைய 12 நாள் பிந்தித்தான் வெளியாகியிருக்கும். கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணிய 50 நாளில் 12 போனால் 38, அதாவது ஐந்தரை வாரம். அப்போது துடிப்பு தெரியாதது சகஜம்.

ரிப்போர்ட்டை எடுத்து இரண்டு இடம் பாருங்கள்:

1. 'சிஆர்எல்' என்று கருவின் நீளம் போட்டிருக்கிறதா? 7 மி.மீ. தொட்டும் துடிப்பு இல்லையென்றால் கவலை. உங்களுக்கு அந்த வரியே இருக்காது என்று நினைக்கிறேன்.
2. வயிற்றின் மேல் வைத்து எடுத்ததா, உள்வழியாகவா (பிறப்புறுப்பு வழியாக)? மேலே வைத்தால் இந்த நாளில் தெளிவாகத் தெரியாது.

10 முதல் 14 நாள் கழித்து மறுபடி உள்வழி ஸ்கேன் கேளுங்கள். அதுவரை ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மறு ஸ்கேனுக்கு முன்பே கலைக்க மாத்திரை தந்தால், இன்னொரு மருத்துவரிடம் காட்டாமல் போடவே வேண்டாம்.

ஆனால் ரத்தப்போக்கு, ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை வலி, மயக்கம், இதில் ஒன்று வந்தாலும் அந்தத் தேதிக்குக் காத்திராமல் இரவானாலும் கிளம்பிவிடுங்கள்.

எனக்கும் மூத்தவளுக்கு முதல் ஸ்கேனில் வெறும் பைதான். அந்தப் பதினோரு நாளும் சோறு இறங்கவில்லை. உங்கள் பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள்.