வீடியோ பார்த்து மண் பாதையில் வண்டி ஓட்டக் கற்பது: கேள்வி பதில்

மோட்டார் சைக்கிளில் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்க ஆசைப்படுபவர்கள் கேட்டவற்றில் அடிக்கடி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, ஏகப்பட்ட வீடியோ பார்த்துவிட்டேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. வண்டியில் ஏறினால் கை விறைத்துப் போகிறது. ஏன்?

வீடியோ உங்களுக்கு ஓட்டுபவரின் உடம்பை மட்டும்தான் காட்டுகிறது, தம்பி. கிளட்ச் எந்த இடத்தில் கடிக்கிறது, பின் டயர் எந்த நொடியில் வழுக்க ஆரம்பிக்கிறது என்பதெல்லாம் உங்கள் விரலுக்கும் இடுப்புக்கும் மட்டுமே தெரிய வேண்டியவை. அதோடு ஹெல்மெட் கேமராவின் அகன்ற லென்ஸ் மேட்டைத் தட்டையாக்கிவிடும். படத்தில் சாதாரண ஏற்றமாகத் தெரிவது நேரில் மலைக்க வைக்கும்.

அதனால் ஒரு நாளைக்கு ஒரு வித்தை போதும். ஒரே ஐந்து நிமிடத் துண்டைப் பாருங்கள். முதல் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுக் காலையும் முழங்காலையும் மட்டும் கவனியுங்கள். பிறகு விளக்கத்தைக் கேளுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதிக்கொண்டு மைதானத்துக்குப் போங்கள். நண்பரை பக்கவாட்டில் நிற்கவைத்து போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால், நீங்கள் நிமிர்ந்து நிற்பதாக நினைத்த இடத்தில் குனிந்து கிடப்பது தெரியும். பத்து புது வீடியோவைவிட உங்களையே எடுத்த இந்த ஒரு படம் அதிகம் கற்றுக்கொடுக்கும்.

எதில் ஆரம்பிப்பது?

மெதுவாக ஓட்டுவதில். இரண்டு கல்லை வைத்து எட்டு போடுங்கள். முதல் கியர், கிளட்ச் பாதி, ஆக்சிலேட்டர் ஒரே அளவு, பின் பிரேக்கில் லேசாகக் கால். வேகம் குறைவாக இருக்கும்போது வண்டி உள்பக்கம் சாயட்டும், உங்கள் உடம்பு வெளிப்பக்கம் போகட்டும். தார் ரோட்டு வளைவில் பழகியதற்கு இது நேர் எதிர், அதனால்தான் முதலில் தடுமாறும். இது கைவராமல் மணலுக்கும் மலைக்கும் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

நின்றுகொண்டு ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே மணிக்கட்டு வலிக்கிறது.

உடம்பின் கனம் கைக்குப் போகிறது. அது முழுக்கக் கால் வைக்கும் ஃபுட்பெக்கில் இறங்க வேண்டும். முழங்கால் டேங்கை லேசாகத் தழுவட்டும், முழங்கை வெளியே விரியட்டும். ஆக்சிலேட்டரைத் திருகும்போது கை ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்தால் நீங்கள் ரொம்பப் பின்னால் நிற்கிறீர்கள். இடுப்பிலிருந்து கொஞ்சம் முன்னால் வாருங்கள். அப்படியும் முதுகு வளைந்தால் ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர் போடலாம்.

மண்ணில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்கிறார்களே? பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை என்ன செய்வது?

தொடலாம், தொட வேண்டும். ஆனால் ஒரு விரல் அல்லது இரண்டு விரலால், மெல்ல மெல்ல அழுத்தி. ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது மட்டும் விட்டுவிடுங்கள். ஜல்லி இறக்கத்தில் பின் ஏபிஎஸ் வேலை செய்தால் வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிற மாதிரி இருக்கும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-இல் பின் சக்கர ஏபிஎஸ்ஸை மட்டும் அணைக்கலாம். பழைய ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-இல் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும்தான், பின் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் இயல்பாகவே பூட்டிக்கொள்ளும். அணைத்த ஏபிஎஸ்ஸைத் தார் ரோட்டுக்குத் திரும்பும்போது மறக்காமல் ஆன் செய்துவிடுங்கள்.

ஏற்றத்தில் பாதி வழியில் இன்ஜின் நின்றுவிட்டால் என்ன செய்வது? இதற்குத்தான் பயப்படுகிறேன்.

பயப்பட வேண்டிய விஷயம்தான். அதனால் இதைத் தனியாகப் பழகுங்கள். பதற்றத்தில் எல்லோரும் கிளட்சைப் பிடித்து முன் பிரேக்கை அழுத்துகிறார்கள். ஏற்றத்தில் கனம் முழுக்கப் பின் சக்கரத்தில் இருக்கும். முன் டயர் பிடிமானம் இல்லாமல் சறுக்கும், வண்டி பின்னோக்கி ஓடும். இன்ஜின் நின்றதும் முதல் கியரிலேயே கிளட்சை விட்டுவிடுங்கள். அப்போது பின் சக்கரத்தை இன்ஜினே பிடித்துக்கொள்ளும். முன் பிரேக் கூடுதல் துணை.

வண்டியை மேட்டுப் பக்கமாக லேசாகச் சாய்த்து, அந்தப் பக்கமே இறங்குங்கள். பள்ளத்துப் பக்கம் நிற்கவே கூடாது. பிறகு கிளட்சைத் துளித்துளியாக அழுத்தி விட்டு, பின் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கி, ஹேண்டில்பாரைத் திருப்பி வண்டியைக் குறுக்காகக் கொண்டுவாருங்கள். குறுக்கே வந்தபின் முன் சக்கரத்தை இறக்கத்துக்குத் திருப்பி, ஏறி உட்கார்ந்து, முதல் கியரில் இறங்கிவிடலாம். ஆள் உயரச் சரிவில், நண்பர் பக்கத்தில் இருக்கும்போது, வேண்டுமென்றே இன்ஜினை நிறுத்திப் பழகுங்கள்.

என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். ஹிமாலயன் 450-ஐ என்னால் சமாளிக்க முடியுமா அக்கா?

முடியும் தங்கச்சி. சீட் 825 மில்லிமீட்டர், எடை 196 கிலோ. இரண்டு காலும் தரையில் படாது, படவும் வேண்டியதில்லை. நிறுத்தும்போது இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி ஒரு காலை மட்டும் ஊன்றுங்கள். விழுந்த வண்டியைத் தூக்க முதலில் பழகிவிடுங்கள்: இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்பே விரித்துவிட்டு, சீட்டுக்கு முதுகு கொடுத்துக் காலால் தள்ளி எழுங்கள். முதுகால் தூக்கக் கூடாது.

மண் தடத்தில் குதித்து ஓட்டும் மோட்டோகிராஸ் பந்தய வீடியோக்களும் உதவுமா?

நிற்கும் நிலைக்கு உதவும். மற்றதற்கு எச்சரிக்கை. அந்த வண்டிகள் நூற்றுப்பத்து கிலோ அளவில் இருப்பவை. அவர்கள் குதித்துத் தாண்டுவதை உங்கள் வண்டி உருண்டுதான் தாண்டும். உங்கள் எடையுள்ள வண்டியில் சொல்லித்தருபவரையும், விழுந்ததை வெட்டாமல் காட்டி ஏன் விழுந்தேன் என்று விளக்குபவரையும் பின்தொடருங்கள்.

தேரிக்காட்டு மணலில் பழகலாமா?

அங்கே காப்புக்காட்டுப் பகுதிக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். வறண்ட ஆற்று மணல், ஊர்க்காரர்கள் அனுமதிக்கும் கண்மாய்ப் படுகை போதும். டயர் காற்றை ஐந்து, ஆறு பிஎஸ்ஐ குறையுங்கள். கை பம்ப் கட்டாயம், ஏனென்றால் தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி நிரப்ப வேண்டும். பார்வை தூரத்தில், ஆக்சிலேட்டர் சீராக. முன் சக்கரம் ஆடினால் ஆக்சிலேட்டரை மூடிவிடாதீர்கள், மூடினால் அது புதைந்துவிடும்.

இமாச்சலத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போகிறோம். நீரோடைகளை எப்படிக் கடப்பது?

ஸ்பிட்டி போகும் வழியில் உள்ள கிராம்ஃபு – பாதல் சாலையைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். பனி உருகி மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறும். இழுப்பு குறைவாக இருந்தால் முதலில் நடந்து பாருங்கள். முதல் கியர், சீரான வேகம், கண் எதிர்க்கரையில். தண்ணீருக்குள் வண்டி விழுந்து இன்ஜினுக்குள் நீர் போயிருந்தால் ஸ்டார்ட்டரை அழுத்தாதீர்கள், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

வீடியோ மட்டும் போதுமா, பயிற்சிப் பள்ளிக்கும் போக வேண்டுமா?

வசதி இருந்தால் ஒரு தடவையாவது போங்கள். 2015-இல் டக்கார் ராலி என்ற நெடுந்தூரப் பந்தயத்தை முடித்த முதல் இந்தியரான சி.எஸ்.சந்தோஷ் தொடங்கிய பிக் ராக் டர்ட் பார்க், பெங்களூரைத் தாண்டி கோலார் பக்கம் இருக்கிறது. வீடியோவில் பழகியதோடு போனால் நல்லது, எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரிந்திருக்கும். கிளம்பும் முன் கணுக்காலை மூடும் பூட்ஸ் வாங்கிவிடுங்கள். சாயும் வண்டி முதலில் விழுவது காலின் மேல்தான்.