பரணிலிருந்து இறங்கிய ரயில்

கேள்வி: என் மாமனார் 1990-களில் ஜெர்மனியில் வேலை பார்த்தபோது வாங்கி வந்த ஹெச்ஓ (மாடல் ரயில் அளவுகளில் ஒன்று) பொம்மை ரயில் செட் எங்கள் வீட்டில் இருக்கிறது. 6 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகையில் இரண்டு வட்டப்பாதை, நாலு பாயின்ட் (பாதை பிரிகிற இடம்), ஒரு ஸ்டேஷன், மரத்தூளில் புல்வெளி, எல்லாம் அவரே செய்தது. அவர் போனபிறகு பத்து வருஷமாகப் பரணில் கிடந்ததை, மகன் நச்சரித்ததால் போன மாதம் இறக்கினோம். கன்ட்ரோலர் விளக்கு எரிகிறது. இன்ஜின் ஒரு சாண் போகிறது, நிற்கிறது, விரலால் தள்ளினால் இன்னொரு சாண் போகிறது. ரிப்பேர் பார்ப்பவர் மோட்டார் போச்சு என்கிறார். பலகையைக் கலைத்துவிட்டுப் புது செட் வாங்கிவிடலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: கலைக்காதீர்கள். மோட்டார் போயிருந்தால் ஒரு சாண்கூட நகராது. தள்ளினால் ஓடுகிறது என்றால் மோட்டார் உயிரோடுதான் இருக்கிறது, கரண்ட்தான் அதுவரை ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. ஒரு தண்டவாளத்தில் பிளஸ், இன்னொன்றில் மைனஸ், நடுவில் சக்கரம், இவ்வளவுதான் இந்த ரயிலின் வயரிங். சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்கிற இடம் ஒரு குண்டூசித் தலை அளவுகூட இருக்காது, அதில் பத்து வருஷ அழுக்கு உட்கார்ந்திருந்தால் பாவம் இன்ஜின் என்ன செய்யும்.

ஜெர்மனி என்று சொன்னதால் முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில், சிலீப்பர் கட்டைகள் மேல் வரிசையாகச் சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள் இருந்தால் அது மார்க்லின் கம்பெனியுடையது. அது ஏசி கரண்டில் ஓடுவது. அதில் இரண்டு தண்டவாளமும் ஒரே முனை, நடுப்புள்ளிகள்தான் மறுமுனை. அப்படியென்றால் கீழே நான் தண்டவாளத்துக்குச் சொல்வதையெல்லாம் அந்தப் புள்ளிகளுக்கும், இன்ஜின் அடியில் அவற்றைத் தொடுகிற நீளப் பட்டைக்கும் சேர்த்துச் செய்யுங்கள். புள்ளிகள் இல்லையென்றால் சாதாரண 12 வோல்ட் டிசிதான்.

அப்புறம் ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள்: கரண்ட் வருகிற வழியிலேயே நீங்களும் போக வேண்டும். சுவர் பிளக், கன்ட்ரோலர், வயர், தண்டவாளம், சக்கரம், கடைசியில்தான் மோட்டார். எல்லோரும் தலைகீழாக ஆரம்பித்து முதல் நாளே இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள், ஸ்பிரிங் ஒன்று பறந்துபோய் சோபாவுக்கு அடியில் தேடுகிறார்கள். நானும் தேடியிருக்கிறேன், கிடைக்கவில்லை.

கன்ட்ரோலரின் மெயின் வயர் மடிக்கும்போது வெடிப்பு விட்டால் அன்றோடு அதை ஓரம் கட்டுங்கள். அதில் 230 வோல்ட் வருகிறது, குழந்தை கை வைக்கிற பொருள், இதில் சிக்கனம் வேண்டாம். வயர் நன்றாக இருந்தால் மல்டிமீட்டரில் வெளியே வரும் வோல்ட்டைப் பாருங்கள், குமிழைத் திருப்பத் திருப்ப ஏற வேண்டும்.

பலகையில் இருக்கிற தூசி, ஒட்டடை, பல்லி எச்சம், இதையெல்லாம் ஈரத்துணியால் துடைக்கப் போனால் மாமனார் போட்ட புல்வெளி உங்கள் கையோடு வந்துவிடும். பழைய நைலான் சாக்ஸை வேக்குவம் கிளீனர் வாயில் மாட்டி, ஒரு பெயின்ட் பிரஷால் தூசியைத் தள்ளித் தள்ளி உறிஞ்சுங்கள். உதிர்ந்த விளக்குக் கம்பம், பொம்மை மனிதர்கள் எல்லாம் சாக்ஸில் நின்றுவிடும், பொறுக்கிப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம். பலகையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள், கரையான் மண் தெரிந்தால் அதற்கு வைத்தியம் பார்த்தபிறகு மற்ற வேலை.

இனி தண்டவாளம். செல்போன் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்க வைத்திருக்கிற ஐபிஏ, அதாவது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அதைப் பழைய பருத்தித் துணியில் நனைத்துத் தேயுங்கள். துணி கறுத்துக்கொண்டே வரும், கறுப்பு வருவது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். போகாத கறைக்கு மை அழிக்கிற கரகர ரப்பர் போதும். உப்புத்தாள் வேண்டாம், அது போடுகிற கீறலில்தான் அடுத்த அழுக்கு குடியேறும். ஸ்டீல் உல் வேண்டவே வேண்டாம், உதிர்கிற இழையை மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொண்டு ஷார்ட் ஆகிவிடும். தண்டவாளம் மஞ்சளாக இருந்தால் பித்தளை, அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும். வெளிறிய வெள்ளையாக இருந்து காந்தத்தில் ஒட்டாவிட்டால் நிக்கல் சில்வர், பேர்தான் சில்வர், உள்ளே வெள்ளி கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். உங்களுக்கு அது வாய்த்திருந்தால் வேலை பாதி.

துடைத்தபிறகும் ஒரு குறிப்பிட்ட இடத்தில், பெரும்பாலும் வயர் கொடுத்த இடத்துக்கு நேரெதிர் மூலையில், இன்ஜின் தளர்ந்துபோகும். இங்கேதான் மல்டிமீட்டர் ஏமாற்றும். அங்கே வைத்துப் பார்த்தால் அழகாக 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் அநேகமாகக் கரண்டே இழுப்பதில்லை. அதனால் நான் செய்வது இது. பைக்கில் போடுகிற 12 வோல்ட் 5 வாட் பார்க்கிங் பல்பு, எல்இடி இல்லை, உள்ளே இழை எரிகிற பழைய வகை, அதில் இரண்டு வயர் பற்றவைத்து, கன்ட்ரோலரை முழுதாகத் திருப்பிவிட்டு, தண்டவாளம் நெடுக ஒவ்வொரு துண்டாகத் தொட்டுக்கொண்டே போவேன். பல்பு ஏறக்குறைய ஒரு இன்ஜின் இழுக்கிற அளவு கரண்ட் இழுக்கும். வயர் அருகில் வெள்ளையாக எரிகிற பல்பு ஒரு மூட்டைத் தாண்டியதும் சட்டென்று ஆரஞ்சாக மங்கும், அந்த மூட்டில்தான் கோளாறு. என் பலகையில் சுரங்கத்துக்குள் இருந்த ஒரு மூட்டில் பல்பு அணைந்தே போனது, அதற்கு முன் மூன்று வாரம் நான் இன்ஜினைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மூட்டு என்றால் இரண்டு துண்டையும் இணைக்கிற சின்ன ஃபிஷ்பிளேட். அதைக் கழற்றி ஐபிஏ விட்டுக் கழுவி, மூக்குக் குறடால் லேசாக நெருக்கி மறுபடி மாட்டினால் கொஞ்சநாள் ஓடும். நிரந்தரமாக வேண்டுமானால் ஒவ்வொரு துண்டின் வெளிப்பக்கத்திலும் ஒரு மெல்லிய வயரைச் சால்டர் வைத்து, பலகையில் துளை போட்டு அடியில் இறக்கி, அங்கே ஓடுகிற இரண்டு தடித்த வயரில் சேர்த்துவிடுங்கள், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு, மாறிப்போனால் ஷார்ட். சூடு வைக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ஈரப் பஞ்சு வையுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் சிலீப்பர் உருகும். மூட்டுகளையே சால்டர் வைத்து அடைக்காதீர்கள், ஈரோட்டு மே மாத வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் தண்டவாளம் நீள இடம் வேண்டும்.

பாயின்ட்டில் நகர்கிற நாக்குத் தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தைத் தொடுகிற இடத்தில் ஐபிஏ நனைத்த தாளை நுழைத்து இழுங்கள். பொத்தான் அழுத்தினால் மாறுகிற வகையாக இருந்தால் பையனிடம் சொல்லிவையுங்கள், டக் என்று அழுத்தி விட்டுவிட வேண்டும், பிடித்துக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் (காயில்) எரிந்துவிடும்.

இன்ஜினுக்கு வந்தாச்சு. டிஷ்யூ பேப்பரை ஐபிஏயில் நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, முன்சக்கரங்களை வெறும் தண்டவாளத்திலும் பின்சக்கரங்களைப் பேப்பரிலும் வைத்து, கையால் பிடித்துக்கொண்டு கரண்ட் கொடுங்கள். சக்கரம் சுற்றிச் சுற்றி இரண்டு கறுப்புக் கோடு போடும். பிறகு திருப்பி வையுங்கள். பழைய கிரீஸ் பல்சக்கரத்தில் மெழுகு மாதிரி இறுகியிருக்கும், பல்குத்தியால் சுரண்டி எடுத்து, தையல் மிஷின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு ஒரு பொட்டு வைத்தால் போதும். நான் முதல்முறை தாராளமாக ஊற்றியதில் எண்ணெய் தண்டவாளமெல்லாம் பரவி, மேடு ஏற முடியாமல் ரயில் நின்ற இடத்திலேயே வழுக்கிக்கொண்டிருந்தது. தேங்காய் எண்ணெய் பக்கமே போகாதீர்கள், மார்கழியில் உங்கள் தலைக்கு வைக்கிற எண்ணெய் பாட்டிலில் எப்படி இருக்கும் என்று தெரியுமல்லவா. இவ்வளவுக்கும் பிறகு திணறினால்தான் மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிற அண்ணன் அவர் பையனுடைய பழைய ரயில் செட்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். பிளக் மாற்றினால் போதுமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: போதாது, மாற்றிச் சொருகினால் புகைதான். கன்ட்ரோலர் முதுகில் 120 வோல்ட் என்று மட்டும் அச்சிட்டிருந்தால் நம் 230-ல் அது தாங்காது. 230-ஐ 110 ஆக்குகிற ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் எலெக்ட்ரிக்கல் கடையில் கேளுங்கள், கன்ட்ரோலர் இழுக்கிற வாட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக வாங்குங்கள். சாதாரண ஹெச்ஓ டிசி செட்டாக இருந்தால் தண்டவாளமும் இன்ஜினும் எந்த ஊரானாலும் ஒன்றுதான்.

கேள்வி: ஹெச்ஓ தண்டவாளத்தில் நம் ஊர் ரயிலை ஓட்டினால் அளவு சரியாக இருக்குமா? என் மகள் கேட்கிறாள், எனக்குத் தெரியவில்லை. (வாசகர், தாம்பரம்)

பதில்: மகள் கணக்கில் கெட்டி போல. ஹெச்ஓ என்றால் 87-ல் 1 பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அது ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்குப் பொருந்தும். நம் பிராட் கேஜ் 1676, அதை 87-ஆல் வகுத்தால் 19-க்கு மேல் வரும், ஆக வைகை எக்ஸ்பிரஸ் மாடலை ஓட்டினால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் ஒடுங்கின பாதையில் ஓடும், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஊட்டி ரயில் மீட்டர் கேஜ், அதற்கு 12 மில்லிமீட்டர் பாதை தனியாகவே இருக்கிறது. ஆனால் ஒரு ரயில் அச்சு அசலாகப் பொருந்தும்: சென்னை மெட்ரோ 1435-ல்தான் ஓடுகிறது.