மாமாவோட சொட்டு மருந்த இவருக்கு விடலாமா?

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் தோட்டத்துல செம்பனை வெட்டுறாரு. முந்தாநேத்து நீளக் கம்புல கட்டுன அருவாளோட அண்ணாந்து மட்டைய இழுக்கறப்ப கண்ணுல ஏதோ விழுந்துடுச்சு. கிளினிக்ல ஒரு சொட்டு விட்டாங்க, உடனே வலி போச்சு, தூசியையும் எடுத்துட்டாங்க, ஆனா அந்த மருந்த கேட்டா தரமாட்டேன்னுட்டாங்க. ராத்திரி பூரா வலி. மாமா புரை ஆபரேஷனுக்கு வாங்கின சொட்டு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, விடலாமா?
- வாசகி, கோலசிலாங்கூர்

பதில்: விடாதீங்க தங்கச்சி. போன் நம்பர் எழுதியிருந்ததால அன்னைக்கே உங்ககிட்ட சொல்லிட்டேன், மத்தவங்களுக்காக இங்கயும் எழுதறேன்.

கிளினிக்காரங்க தராதது கஞ்சத்தனம் இல்ல. அது மரத்துப்போற மருந்து, டெஸ்ட் பண்ணவும் தூசி எடுக்கவும் மட்டும்தான். வீட்டுல திரும்பத் திரும்ப விட்டா கருவிழி மேல்தோல் ஆறாது, சிலருக்கு கருவிழியே கரைஞ்சு போயிருக்கு, வலி தெரியாததால இவரும் கசக்கிக்கிட்டே இருப்பாரு.

மாமாவோட சொட்டு இதவிட மோசம். புரை ஆபரேஷனுக்கப்புறம் பெரும்பாலும் ஸ்டீராய்டு தான் குடுப்பாங்க. விட்டா சிவப்பு குறையும், ஆஹா சரியாயிடுச்சுன்னு தோணும், ஆனா இவரு கண்ணுல விழுந்தது ஓலைத் தூசி, அதுல பூஞ்சை ஒட்டியிருக்கலாம், ஸ்டீராய்டு உடம்போட எதிர்ப்ப அடக்கிட்டா பூஞ்சைக்கு கொண்டாட்டம்தான். அப்புறம் பூஞ்சையக் கொல்ற நாட்டமைசின் சொட்ட மணிக்கொரு தரம் விட ஆரம்பிச்சு வாரக்கணக்குல இழுக்கும். தாய்ப்பால் விடறது, வெத்தலைத் தண்ணி விடறதும் வேணாம் (எங்க பாட்டியும் விட்டவங்கதான்).

கிளினிக்ல வீட்டுக்குக் குடுத்துவிட்ட குளோராம்பெனிகால் சொட்டு கிருமி வராம இருக்க, வலிக்கு இல்ல. வலிக்கு பெனடால் (பாராசிட்டமால்) மாத்திரை போதும். குளோராம்பெனிகால விடறப்ப கீழ் இமைய இழுத்து ஒரே ஒரு சொட்டு, பாட்டில் முனை இமையில படக்கூடாது, ஒரு நிமிஷம் கண்ண மூடிக்கணும். சின்னக் கீறல்னா ஒண்ணு ரெண்டு நாள்ல ஆறிடும். வலி கூடினாலோ, கருவிழியில வெள்ளைப் புள்ளி தெரிஞ்சாலோ, பார்வை மங்கினாலோ அன்னைக்கே திரும்பப் போங்க, ஓலை பட்டதுன்னு வாயத் திறந்து சொல்லுங்க. அங்க டாக்டர் ஆரஞ்சு சாயம் விட்டு நீல லைட்ல பாத்தா கீறல் பச்சையா மின்னும். மேல் இமையையும் திருப்பிப் பாக்கச் சொல்லுங்க, உள்ள ஒரு துணுக்கு ஒளிஞ்சிருந்தா ஒவ்வொரு தடவ இமைக்கறப்பவும் கீறும்.

வர்க்‌ஷாப்ல கிரைண்டிங் பண்றப்ப இரும்புத்துண்டு உள்ள குத்தியிருந்தா கதை வேற. சொட்டு விடாம, பிடுங்காம, அழுத்தாம, கண்ணு மேல பேப்பர் கப்ப கவுத்து ஒட்டிட்டு நேரா பெரியாஸ்பத்திரி.

மாமாவோட பாட்டில் திறந்து நாலு வாரம் தாண்டியிருந்தா அவருக்கே ஆகாது, தூக்கிப் போட்டுடுங்க.