மஞ்சள் ஜோடிக்குப் பழுப்புக் குஞ்சுகள்: பிரிஸ்டில்நோஸ் பிளெக்கோ

மஞ்சள் பிரிஸ்டில்நோஸ் பிளெக்கோ (தொட்டியில் வளர்க்கும் ஒரு கெளுத்தி வகை மீன்) ஜோடிக்கு ஏன் பழுப்புக் குஞ்சுகள் வந்தன என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ஜோடி இரண்டுமே மஞ்சள்தான், ஆனால் ஒரே ரகம் இல்லை. குஞ்சுகள் அத்தனையும் பழுப்பாக வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

ஒன்று அல்பினோ, மற்றது எல்144 என்று விற்கப்படும் நீலக்கண் மஞ்சள் ரகம் என்று நினைக்கிறேன். இரண்டிலும் மஞ்சள் நிறம் ஒடுங்கு பண்பு (தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதே ஜீன் வந்தால் மட்டுமே வெளியே தெரிவது), ஆனால் வெவ்வேறு ஜீனால் வருவது. கலந்தால் ஒன்றில் இல்லாததை மற்றது கொடுத்துவிடும், காட்டு மீனின் பழுப்பு நிறம் திரும்பிவிடும்.

உடல் நிறத்தைப் பார்க்காதீர்கள், அது உணவுக்கும் தரையின் நிறத்துக்கும் ஏற்ப மாறும். கண்ணைப் பாருங்கள். தொட்டி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். கண்மணி சிவப்பாகத் தெரிந்தால் அல்பினோ. கருமையாக, சுற்றிலும் நீலச் சாயலோடு இருந்தால் மற்றது.

அதே தொட்டியில் பழுப்பு ஆண் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் தந்தை அதுவாகவும் இருக்கலாம். குகைக்குள் முட்டையைக் காத்தது எந்த ஆண் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

அப்புறம், இந்தக் குஞ்சுகளைக் கொடுக்கும்போது கலப்பு என்று சொல்லியே கொடுங்கள். பார்க்கச் சாதாரணப் பழுப்பாக இருந்தாலும் மஞ்சள் ஜோடியே பெற்றோர் என்றால் இரண்டு ஜீனையும் சுமப்பவை, வாங்குபவரின் வளர்ப்பு வரிசை குழம்பிவிடும்.